பள்ளத்து உப்பளம்

“அவங்க கேட்ட கூலியில பாதி மட்டும் ஏத்தித் தர்றதுக்கெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேங்க. உப்பு கரைஞ்சா கரையட்டும்.”

ஆன்மேரி இப்படிச் சொன்னதும் உப்பள உரிமையாளர் சங்கத் தலைவர் சகாதேவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உப்பளங்களைப் பார்த்து நிற்கும் மரக்காணம் சங்கக் கட்டடத்தில் அன்று பத்து முதலாளிகள் கூடியிருந்தார்கள். ஒன்பது பேர் வேட்டி, ஒருத்தி சேலை. அப்பா பெஞ்சமின் இறந்த பிறகு உப்பளத்தை விற்காமல் தானே நடத்தும் ஆன்மேரிதான் அந்த ஒருத்தி. ஐந்து வருடம் ஆகியும், பொம்பளைக்கு எதற்கு இந்தத் தொழில் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவதை அவர்கள் நிறுத்தியபாடில்லை.

ஆறு நாளாக உப்பளத்துப் பெண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. ஆண்களுக்குக் கொடுக்கும் கூலியையே தங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாத்தியில் இறங்கிப் பலகை போட்டு உப்பை வாருவது ஆண்கள். அதைக் கூடையில் சுமந்து சாலையோர மேட்டுக்குக் கொண்டுபோவது பெண்கள். ஆண்கள் தினமும் வந்து பலகை போட்டார்கள். கூடையைத் தலையில் வைக்கச் சொன்னால் மட்டும், அது பொம்பளை வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். உப்பா கௌரவமா என்றால் நம் ஊரில் கௌரவம்தானே ஜெயிக்கும். உச்சக் கோடையில் வாரிய ஆறு நாள் உப்பும் வரப்பிலேயே குவியல் குவியலாகக் கிடந்தது.

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்கள். கோடை முடிவதற்குள் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, அன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு நின்றது.

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூலியை ஏற்றுவதென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சேர்ந்துதான் ஏற்ற வேண்டும். தனியாக ஏற்றுகிறவரின் உப்பளத்துக்குப் பொது வாய்க்காலில் தண்ணீர் வராது. இரண்டு வருடத்துக்கு முன் அருள்பிரகாசம் தன்னிடம் வேலை செய்யும் பெண்களுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார். மறுநாளே மதகை அடைத்துவிட்டார்கள். பதினைந்தாம் நாள் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். இப்போதும் அவர் குனிந்த தலை நிமிராமல்தான் உட்கார்ந்திருந்தார்.

“உன் அளத்துலதாம்மா இது ஆரம்பிச்சது,” என்றார் சகாதேவன். “உன்கிட்ட சுமக்குற அந்தப் பாப்பாத்தி கூடையைக் கீழ வச்ச அன்னிக்கே, அங்க ஒரு ஆம்பளை இருந்திருந்தா அடக்கியிருப்பான். சரி, பாதியாவது கொடுத்து முடிச்சிடலாம்னா, அதுக்கும் நீயே குறுக்க நிக்கிற.”

“பாதி கொடுத்தா, அடுத்த வருஷம் மீதிக்கு உக்காருவாங்க. எனக்கு அது வேணாங்க.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டு நயமாகச் சொல்லிப் பார்த்தார். இருப்பதிலேயே பள்ளமானது அவளுடைய உப்பளம். தண்ணீர் ஏறினால் முதலில் போவது அவளுடைய உப்புதான். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய பேங்க் கடன் வேறு தலைக்கு மேல் இருக்கிறது. அதையெல்லாம் யோசிக்க வேண்டாமா என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த உப்பு போனால் அடுத்த தவணை கட்ட வழியில்லை. ஆனாலும் ஆன்மேரி முடியாது என்றே தலையசைத்தாள்.

பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் பக்கத்துக் கழிவெளி ஏரியின் தண்ணீர் ஏறி ஆன்மேரியின் வரப்புகளைத் தொட்டது. மேலே மூடிய தார்ப்பாய் மழையைத் தடுக்கலாம், அடியில் புகும் தண்ணீரை என்ன செய்யும்? முதல் குவியல் சரிந்தது. பின்னாலேயே அடுத்தது. ஆன்மேரி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு அடுத்து சகாதேவனின் உப்பளம். தண்ணீர் அந்தப் பக்கம் நகர்வதைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. மறுபடியும் பாதி என்றார். ஆன்மேரி மறுபடியும் மறுத்தாள்.

“முழுசாவே கொடுத்துத் தொலைச்சிடலாம்பா,” என்றார் கடைசியில். “பேப்பரை எடுங்க. ஆம்பளைக்கு என்னவோ அதேதான் பொம்பளைக்கும்னு எழுதுங்க.”

அவர் முதலில் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். அருள்பிரகாசம் கொஞ்சம் அவசரமாகவே போட்டார். எல்லோரும் போட்ட பிறகு ஆன்மேரி பேனாவை வாங்கினாள்.

“பாதிக்குக் காலைலயே ஒத்துக்கிட்டிருந்தா உன் உப்பும் தப்பிச்சிருக்கும். வீம்புக்கு நின்னு கெட்டுட்டியேம்மா,” என்று அவளைப் பார்த்து நிஜமாகவே பரிதாபப்பட்டார் சகாதேவன்.

செய்தி போனதும், சாலையோரம் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கியிருந்த பெண்கள் கூடைகளோடு மழையில் ஓடிவந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருடைய உப்பும் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. பத்தாவது உப்பளத்தில் சுமக்க ஒன்றும் மிச்சமில்லை. வெறும் தண்ணீர்தான் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்ற ஆன்மேரியிடம் பாப்பாத்தி வந்தாள். ஆன்மேரி பாவாடை கட்டிய காலத்திலிருந்து அங்கே சுமப்பவள். ஆன்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“வேலையை நிறுத்துங்கன்னு எங்களுக்குச் சொன்னதே நீதான், சரி. அதை உன் அளத்துலேருந்தா ஆரம்பிக்கச் சொல்லணும் மேரிம்மா? முதல்ல கரையப் போறது உன் உப்புன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்க்கா. யாராவது ஒருத்தர் உப்பு கண்ணெதிர கரையணும். இல்லன்னா இவங்க பேனாவைத் தொட மாட்டாங்க.”