பதினாறா, இருபத்தெட்டா?

"சாச்சா, அசையாம இருங்க. இப்ப நான் உங்கட மூச்ச எண்ணப்போறன்" என்றாள் ருஷ்தா.

சாஹுல் ஹமீது கண்ணை மூடிக்கொண்டார். ருஷ்தா கைக்கடிகாரத்தையும் அவருடைய நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு முழு நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில், அரை மணித்தியாலத்துக்கு முன் ஸுலைஹா சிஸ்டர் எழுதியிருந்த எண் இருபத்தெட்டு.

முந்தாநாளும் நேற்றும் இதே கதைதான். அவள் எண்ணினால் பதினாறு, பதினேழு. சிஸ்டர் எழுதினால் இருபத்தேழு, இருபத்தெட்டு. ஆள் ஒருவர், நெஞ்சும் ஒன்று. ஒரு எண் பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வார்டில் ருஷ்தாவையே எல்லோரும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். நான்கு வருடத் தாதியப் பட்டத்தை இருபது மாதத்தில் முடிக்க வந்தவள் அவள். அதில் மாயம் ஒன்றுமில்லை. அவளிடம் ஏற்கெனவே ஒரு விஞ்ஞானப் பட்டம் இருந்தது. இரசாயனம், உயிரியல், புள்ளிவிபரம் எல்லாம் அதில் படித்தாகிவிட்டது. மறுபடி படிக்கத் தேவையில்லை. தாதிமைக்கே உரிய பாடங்களும் வார்டுப் பயிற்சியும்தான் மிச்சம். இதை அவள் எத்தனை தரம் விளக்கினாலும், நான்கு வருடம் படிக்கும் றிஷ்னா அவளுக்கு வைத்த பெயர் மாறவில்லை.

"எக்ஸ்பிரஸ் ராத்தா, சிலாபம் பஸ் மாதிரித்தான் நீங்களும். இடையில ஒரு ஹோல்ட்லயும் நிக்கமாட்டீங்க" என்பாள்.

ஆனால் ருஷ்தாவுக்கும் சந்தேகப்படத் தெரியும். முதல் பட்டத்தோடு நான்கு வருடம் இறால் பண்ணைகளில் தண்ணீரின் உப்பு அளந்தவள். உப்புமானியைத் தண்ணீரில் நனைக்காமலே எண் எழுதுகிறவர்களை அங்கே கண்டிருக்கிறாள்.

ஆகவே சிஸ்டரைக் கவனித்தாள். சிஸ்டர் வருவார், நாடி பார்ப்பதாகச் சொல்வார். நோயாளியின் கையை அந்த நோயாளியின் நெஞ்சின் மேலேயே மடித்து வைத்து, மணிக்கட்டைப் பிடித்தபடி பேசாமல் நிற்பார். நாடிக்கு அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும் என்று பாடத்தில் இருக்கிறது. சிஸ்டர் ஒரு நிமிடம் பிடிப்பார். பிறகு அட்டையில் நாடியையும் மூச்சையும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

அப்படியென்றால் மூச்சை எப்போது எண்ணினார்?

சாஹுல் ஹமீதுக்கும் அதே சந்தேகம். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு வந்தவர் அவர். வெள்ளிக்கிழமை மகள் அமானியின் நிக்காஹ். 'வலி' என்ற பொறுப்பாளராக இருந்து, கையெழுத்திட்டு மகளைக் கொடுக்க வேண்டியவர் வாப்பாதான்.

"நீங்க உண்மைய எழுதுறீங்க மகள்" என்றார். "நாப்பது வருஷம் சங்கு குளிச்ச நெஞ்சு இது. அந்த மிஸ்ஸிக்கி என்னில என்ன கோவமோ."

காலையில் டொக்டர் அர்கம் அட்டையில் இருவரும் எழுதிய எண்களைப் பார்த்து முகம் சுளித்தார். மூச்சு இருபதுக்குக் கீழே என்றால் இன்றே வீட்டுக்குப் போகலாம். இருபத்தெட்டு என்றால் போகவே கூடாது, போனால் ஆபத்து என்றார். பதினொரு மணிக்குத் திரும்ப வருவதாகவும், அதற்குள் ஒரு எண்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ருஷ்தா முடிவெடுத்தாள். சிஸ்டரைக் கையும் களவுமாகப் பிடிப்பது.

பத்தே முக்காலுக்கு, ஆளில்லாத பக்கத்துக் கட்டிலின் விரிப்பை மடிப்பவள் போல் நின்றாள். சிஸ்டர் வந்தார், கையைப் பிடித்தார், எழுதினார், போனார். மறுபடி இருபத்தெட்டு. சாஹுல் ஹமீது யன்னலுக்கு வெளியே காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் எழுதிய பொய்யின் மை காய்வதற்குள் உண்மையை எழுதிவிட வேண்டும் என்று, ருஷ்தா நின்ற இடத்திலிருந்தே, ஒரு வார்த்தை பேசாமல் எண்ணினாள்.

இருபத்தெட்டு.

நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினாள். இருபத்தொன்பது.

அவர் கட்டிலுக்குப் போனாள். வாய் வழக்கம் போல், "சாச்சா, மூச்ச எண்ணப்போறன்" என்றது.

அவர் கண்ணை மூடினார். நெஞ்சு மெல்ல உயர்ந்தது, நின்றது, மெல்லத் தாழ்ந்தது. பதினாறு. எண்ணி முடிந்ததும் மூச்சு வாங்க இருமினார். மூன்று நாளும் எண்ணி முடிந்ததும் இருமியது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சாச்சா, வேணுமெண்டேயா இப்படி மூச்சு விடுறீங்க?"

"எப்படி?" என்றார் அவர் வியப்போடு. "மூச்சு எண்டு காதுல விழுந்தா நெஞ்சு தானா முக்குளிக்க ஆயத்தமாகும் மகள். அதுல என்ன கள்ளம்?"

பதினொரு மணிக்கு ருஷ்தா தன்னுடைய மூன்று நாள் எண்களையும் தன் கையாலேயே வெட்டிவிட்டு டொக்டரிடம் அட்டையை நீட்டினாள். சாஹுல் ஹமீது வீட்டுக்குப் போகவில்லை. அவர் கையெழுத்திட நிக்காஹ் பதிவுப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை கட்டிலுக்கே கொண்டுவருவதென்று வீட்டார் ஒத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிச் சுற்றில் அவள், "நாடி பாக்கப்போறன் சாச்சா" என்று மட்டும் சொன்னாள். அவருடைய கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்து, அரை நிமிடம் நாடியை எண்ணினாள். பிறகு கையை விடாமல், சொல்லாமல், சிஸ்டர் மூன்று நாளும் செய்தது போலவே, அடுத்த அரை நிமிடம் மூச்சை எண்ணினாள்.