கெவினுக்கு எப்படித் தெரியும்?

"தூக்கணும்! மொதல்ல அந்தக் கெவினத்தான் வேலைய விட்டுத் தூக்கணும்!"

நான் போட்ட சத்தத்துல, டீ கொண்டுவந்த ஜெயப்ரியா படியிலேயே நின்னுட்டா.

பின்ன என்னங்க? டிங்கோ கம்பெனிய இழுத்து மூடறாங்களாம். கம்ப்யூட்டர் கேம் செய்யறதுக்கு அவங்க சாஃப்ட்வேர நம்பி உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேரு இருக்கோம். ஆரணி பக்கம் நாங்க மூணு பேரு. மணவாளன்னு நான், ஜெயப்ரியா, சேத்துப்பட்டுலேர்ந்து பஸ் ஏறி வர்ற அருள்தாஸ். ஞாயித்துக்கிழமையானா ஜெயப்ரியா அப்பாவோட பட்டுக்கடை மாடியில கூடிடுவோம்.

நாளைக்கு மத்தியானம் சர்வர அணைக்கிறாங்க. எங்க கேம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வெளிய எடுக்கணும்னா, ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி ஆளு பூட்டத் திறந்துவிடணும். அந்த ஆளுதான் ஹெல்ப்லைன் கெவின். எந்த ஊர்ல உக்காந்திருக்கானோ, வெள்ளைக்காரன்.

ஜெயப்ரியாவுக்குத்தான் உசுரே போவுது. அவளோட கேம் மூணு வருஷ உழைப்பு. தறியில ஏத்தறதுக்காகத் தெருவுல நீட்டிவெச்ச பட்டுப் பாவு நூல, மழை வர்றதுக்குள்ள அறாம சுருட்டணும். அவ்ளோதான் ஆட்டம். ஆனா தொட்டா விட மாட்டோம். சென்னையில ஒருத்தர் வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காரு. இது கைய விட்டுப் போச்சுன்னா, "போதும்மா, கடையில வந்து உக்காரு"ன்னு அப்பா சொல்லிடுவாரு.

"ண்ணா, எனக்கு ஒண்ணுமே புரியல. போன வாரந்தான் புது வெர்ஷன் வருதுன்னு பலூன் படம் போட்டாங்க. இப்ப மூடறோம்னு மெழுகுவத்திப் படம் போடறாங்க. எதண்ணா நம்பறது?" டீய வெச்சுகினே கேட்டா.

எனக்கு மட்டும் புரிஞ்சுதா? ஃபோரத்துல ஒரே கூச்சல். வேற கம்பெனி வாங்கிடுச்சுன்றான் ஒருத்தன். எல்லாமே நாடகம்ன்றான் இன்னொருத்தன். பிரேசில்காரன் ஒருத்தன் அழுதுகினே வீடியோ போட்டிருக்கான்.

இத்தனை அமளியிலயும் அருள்தாஸ் மட்டும் மூலையில லேப்டாப்புக்குள்ள தலைய விட்டுகினு உக்காந்திருந்தான். எதிர்ல பஜ்ஜி ஆறிப்போச்சு.

"டேய், உனக்குக் கோவமே வரலியா?"

"கம்பெனியில கீறவங்களும் மனுஷங்கதானேண்ணா."

"வந்துட்டாருய்யா ஜால்ரா! கடைசி வரைக்கும் இருக்கற டீமுக்கு டபுள் சம்பளமாம், தெரியுமா? அத வாங்கிகினு ஆற அமர ஒவ்வொண்ணா திறக்கறான் அந்தக் கெவின். நம்ம பேஜாரு அவனுக்கு இன்னாடா தெரியும்?"

சொன்னதோட விடல. ஃபோரத்துலயும் எழுதிப் போட்டேன், 'கெவின வேலைய விட்டுத் தூக்குங்க'ன்னு. போட்ட வேகத்துல லைக்கு குவிஞ்சுது. அப்பதான் மனசு கொஞ்சம் குளுந்துச்சு. அருள்தாஸும் அதப் படிச்சான். மறுபடியும் தட்ட ஆரம்பிச்சான்.

"ண்ணா! திறந்தாச்சு! கெவின் பதில் போட்டுட்டாரு!"

ஜெயப்ரியா குதிச்சா. இங்கிலீஷ்ல இருந்தத தமிழ்ல சொல்லிகினே வந்தா.

"உங்க ஃபைல் ரெடி. நாளைக்குன்னு தள்ளிப் போடாம இப்பவே எடுத்துடுங்க. காலைல ஒம்பது மணிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் உங்களுக்குக் கரெண்ட் இருக்காது... அய்யய்யோ ஆமாண்ணா! நாளைக்கு மாசாந்திர கட்டு! சுத்தமா மறந்துட்டேன். காலைல நிதானமா எடுத்துக்கலாம்னு இருந்தேனே!"

ஜல்தியா டவுன்லோடு போட்டா. போட்ட கை அப்படியே நின்னுபோச்சு.

"ண்ணா... ஆரணி பவர் கட்டு வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

அந்தச் சேதிய மத்தியானம் எங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டதே நான்தான். குரூப்புல மூணே பேரு. நான் கெவின் இல்ல. ஜெயப்ரியாவும் இல்ல.

ரெண்டு பேரும் மூலையப் பார்த்தோம்.

அருள்தாஸ் லேப்டாப்ப மூடப் பார்த்தான். நான் வெடுக்குனு பிடுங்கிட்டேன். மேல 'கெவின்'னு பேரு. கீழ, பூட்டு எப்ப திறக்கும்னு காத்துகினு இருக்கறவங்க பேரு வரிசையா போயிகினே இருந்துச்சு.

"நீயாடா கெவின்?"

"அவங்க வெச்ச பேருண்ணா. நான் வேலைக்குச் சேந்ததே இந்தப் பேருலதான். வீட்லேர்ந்தே பாக்கற வேலை."

"எங்ககிட்ட ஏண்ணா சொல்லல?" ஜெயப்ரியா எழுந்து அவன் எதிர்ல வந்து நின்னா.

"நம்ம ஆளுன்னு தெரிஞ்சா, என்னுத மொதல்ல திறடான்னு நிப்பீங்க. முன்னாடியே வந்து வரிசையில நிக்கறவங்க பாவம் இல்லியா?"

எனக்குக் கோவம் பொத்துகினு வந்துச்சு.

"பேச்சப் பாரு! டபுள் சம்பளத்த வாங்கிப் போட்டுகினு, எங்க கூடவே உக்காந்து, நாங்க பொலம்பறத வேடிக்கை பாத்துகினு இருந்திருக்க! நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?"

அருள்தாஸ் என் கையிலேர்ந்து லேப்டாப்ப மெதுவா வாங்கிகினான். வரிசையில அடுத்த பேரத் தட்டினான்.

"டபுள் சம்பள டீமு வெள்ளிக்கிழமையே மூட்டை கட்டிகினு போயிட்டாங்கண்ணா. கெவினத் தூக்குங்கன்னு நீங்க எழுதினீங்களே, அத அவங்க தீபாவளிக்கு முன்னாடியே செஞ்சுட்டாங்க. லாகின மட்டும் பிடுங்க மறந்துட்டாங்க. பஜ்ஜியச் சாப்புடுங்கண்ணா, உங்க ஃபைலுக்கு முன்னாடி இன்னும் பத்து பேரு கீறாங்க."