நிற்காத நீலம்

"மறுபடியும் சாயம் போயிடுச்சா, ருக்மிணி?"

மௌரீன் டீச்சர் திரைத்துணியை விரித்துப் பிடித்தார். போன வாரம் பளிச்சென்று இருந்த நீல வானம், இப்போது திட்டுத்திட்டாக வெளிறிக் கிடந்தது.

"வீட்டுல அவரு வாளியில முக்கிப் பார்த்தாரு டீச்சர். அப்படியே இறங்கிடுச்சு."

"உங்க வீட்டுக் குழாயில காவேரி வருதாக்கா, ஆசிட் வருதா?" என்றாள் கிரேஸ்.

வகுப்பே சிரித்தது. ருக்மிணி அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பிரேசர் டவுனில் டீச்சர் வீட்டு ஹாலில்தான் எங்கள் வகுப்பு. முதலில் துணியில் பெயிண்டால் பின்னணி தீட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் துணியைத் திருப்பிப்போட்டு, சூடாக இஸ்திரி போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் எம்பிராய்டரி.

எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள்கூட இரண்டாவது துணிக்குப் போய்விட்டார்கள். ருக்மிணி அக்கா மட்டும் அதே பூஜை அறைத் திரையில் அதே வானத்தையே தீட்டிக்கொண்டிருந்தார்.

"அயர்ன் பண்ணீங்களா?"

"பண்ணேன் டீச்சர்."

"பொய் சொல்லாதீங்க. சூடு காட்டின துணி இப்படி ஆகாது."

ருக்மிணி அக்கா துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் விடவில்லை.

"உங்க ஹஸ்பண்ட் நேத்து போன் பண்ணி என்ன கேட்டார் தெரியுமா? 'எம்பிராய்டரி அவளுக்கே நல்லா வரும். பெயிண்ட் பண்ணக் கத்துக்கத்தானே அனுப்பறேன், அதைக்கூடச் சொல்லித்தர முடியலையா'ன்னு கேட்கறார். இத்தனை வருஷமா கிளாஸ் நடத்தறேன், என் பேரு என்ன ஆறது?"

"மன்னிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நீலத்தைக் கலக்க ஆரம்பித்தார்.

'இவ்வளவு சோம்பேறியா ஒரு மனுஷி இருப்பாங்களா?' என்று எனக்கும் தோன்றியது.

வகுப்பு முடிந்ததும், ஈரத் துணியை மடிக்கப் போனவரை டீச்சர் தடுத்தார்.

"இங்கேயே இருக்கட்டும். மீதியை நான் பார்த்துக்கறேன்."

"வேணாம் டீச்சர். அவரு கேட்பாரு."

"கேட்டா என்கிட்டப் பேசச் சொல்லுங்க."

அடுத்த வாரம் நாங்கள் போனபோது ஹால் நடுவில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. டீச்சர் திரையை எடுத்து, எல்லோர் முன்னாலும் அதில் முக்கிக் கசக்கினார். தூக்கினார்.

நீலம் அசையவில்லை. தண்ணீரும் தெளிவாகவே இருந்தது.

"பார்த்தீங்களா? நானே அயர்ன் பண்ணேன். இனிமே எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. காலையிலேயே உங்க ஹஸ்பண்டுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்!"

எல்லோரும் கை தட்டினோம்.

ருக்மிணி அக்கா வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"அட, ஆனந்தக் கண்ணீரா? சீக்கிரமா ஒரு மயிலைப் பறக்க விடுங்கக்கா" என்றாள் கிரேஸ்.

"ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். தலைவலி என்று பாதியிலேயே கிளம்பிவிட்டார். திரையை எடுத்துக்கொள்ளவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

தெருமுனை பேக்கரி ஓரமாக அவர் நின்றிருந்தார். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஓர் இளம்பெண். அவர் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் அந்தப் பெண்ணின் கையில் திறந்தபடி இருந்தது. சாப்பிடவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. நின்றுவிட்டேன்.

"சிரிலைக் கட்டிக்கிட்டதுக்கு அப்பா இன்னும் எத்தனை நாளைக்கும்மா என்னைச் செத்தவளாவே வெச்சிருப்பாரு? குழந்தை பொறக்கற வரைக்குமாவது வாராவாரம் வர்றேன்னியே!"

"இத்தனை நாளா அயர்ன் பண்ணாமலேதான் ஓட்டினேன். டீச்சர் பாவம், நல்ல மனசோட பண்ணிட்டாங்க."

"அதுக்கும் நீ வர்றதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

ருக்மிணி அக்கா மகளின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"கலர் நின்னதும் கிளாசை விட்டு நின்னுடணும்னு சொல்லித்தான் உங்கப்பா என்னை அனுப்பினாரு. நின்னுடுச்சு, கண்ணு."