கோமாளியின் கை

அக்காவை வீட்டில் நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டூல் போடாமலே பல்பு மாட்டுவாள். சின்ன வயதில் உயரம் பத்தாதென்று ரோலர் கோஸ்டரில் ஏற்றாமல் விட்ட ஆத்திரம் மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை. நாளைக்கு அதைப் பிரிக்கிறார்கள் என்றதும் தம்பியை இழுத்துக்கொண்டு பூங்காவுக்கு வந்துவிட்டாள்.

அன்று அவளைத் தடுத்த அதே கோமாளி பொம்மை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கை தலையில் இடித்தால்தான் ஏறலாம். அவள் தோளுக்கே எட்டாத தம்பிக்கு நங்கென்று இடித்தது.

அக்கா ஜம்மென்று போய் நின்றாள். கை அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"நல்லா நிமிந்து நில்லு பாப்பா," என்றார் ஆபரேட்டர்.

"நிமிந்துதான் நிக்கிறேன்!"

"அப்போ இன்னும் வளரணும்மா."

"சரி, நீ போடா," என்று தம்பியைத் தள்ளிவிட்டாள். "மேலேருந்து என்னல்லாம் தெரியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

வண்டி கிளம்பியதும் அவன் திரும்பிப் பார்த்தான். அவன் இடுப்புக்கு வந்த வேலிக்கு மேலே, டாட்டா காட்டும் அவள் கை மட்டும் தெரிந்தது.