எவ்வளவு ஆழம்?

அப்பாவின் டிரம்பெட் காணாமல்போய்ச் சரியாக நாற்பத்தோரு மணி நேரம். பக்கத்து வீட்டு நாய் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறது.

“அந்த நாய்தான் தூக்கிட்டு வந்து நம்ம தோட்டத்துல புதைச்சிருக்கு. என் வாசிப்புமேல அதுக்குப் பொறாமை” என்ற அப்பா, மெட்டல் டிடெக்டரோடு ஒருவரை வரவழைத்துவிட்டார்.

“அண்ணே, இது எவ்வளவு ஆழம் வரைக்கும் காட்டும்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மோதிரம்னா ஒரு சாண்தாம்மா. டிரம்பெட் மாதிரி பெரிய சாமான்னா ரெண்டடி, மிஞ்சிப்போனா மூணடி.”

“அதுக்கும் கீழ இருந்தா?”

“இதுக்குக் கண்ணு தெரியாது.”

எனக்கு மூச்சு வந்தது.

துணிக்கொடியின் கீழே கருவி கீச்சிட்டது. ஒரு அடி தோண்டியதும் மண் அப்பிய டிரம்பெட் ஒன்று வெளியே வந்தது.

அப்பா துடைத்துப் பார்த்துத் துள்ளினார். “அட, இது பழசு! போன வருஷம் பஸ்ல விட்டுட்டேன்னு உங்கம்மா சொன்னாளே? நாய் அப்பவே ஆரம்பிச்சிருக்கு!”

அங்கேயே ஊத ஆரம்பித்தார். நாய் எழுந்து ஊளையிட்டது.

அந்தச் சத்தத்தில் அம்மா என் கையைத் திருப்பி, உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

“நீ எவ்வளவு ஆழம்டி தோண்டினே?”

“நாலடிம்மா.”

“படிச்சவ படிச்சவதான். நான் சோம்பேறித்தனமா ஒரு அடியோட நிறுத்திட்டேன்.”