பன்னிரண்டு அடிக் குழாய்

"இன்னும் கொஞ்சம் விடுங்க அத்தான்."

"என்ன மச்சான், ஒயரை விழுங்குறியா?"

குழாய்க்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. எலக்ட்ரீஷியன் தன் சொந்த வீட்டுக்கே வயரிங் செய்துகொண்டிருந்தார். ஹாலிலிருந்து அவர் ஒயரைத் தள்ள, படுக்கையறையில் மனைவியின் தம்பி இழுக்க வேண்டும். சுவரில் பதித்த பிளாஸ்டிக் குழாய் வழியாகவே பேசிக்கொள்வது அவர்கள் பழக்கம். தூசி படாமலிருக்க, ஆறு மாதக் குழந்தையை அந்த அறையில் தூங்கவைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

குழாயின் நீளம் பன்னிரண்டு அடி. அவரே அளந்து, அறுத்து, ஒட்டியது. சுருளில் முந்நூறு அடி ஒயர் இருந்தது. இப்போது பத்தடிகூட மிச்சமில்லை.

அப்போதுதான் வாசல் கேட் திறந்தது. கையில் சுவிட்ச் பெட்டியோடு மச்சான் வியர்த்து வந்து நின்றான்.

"கடையில ஒரே கூட்டம் அத்தான். நானில்லாமலே ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவன் எப்போதோ பின்வாசல் வழியாக வந்துவிட்டான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினார். அந்தக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாளே வைக்கவில்லை. ஆனாலும் அது திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் இடித்தார்.

குழாயிலிருந்து அதே குரல் தணிவாக வந்தது.

"தட்டாதீங்க அத்தான், பாப்பா என் மடியில தூங்குது. இந்த ரூமுக்கு மட்டும் லைட் வேண்டாமே."