பூட்டுப் படம்

“ஏலே, எவன் வீட்டுப் பூட்டை எவன்லே படம் புடிக்கான்?”

வீட்டுக்காரர் கடற்கரை போட்ட சத்தத்தில் மணிகண்டபிரபுவின் கை ஆடிவிட்டது. அவர் வீட்டு வாசலில் குத்தவைத்து, கதவில் தொங்கிய பூட்டுக்கு நேராகக் கேமராவைப் பிடித்திருந்தான். கடை திறக்கப் போன மனுஷன் இவ்வளவு சீக்கிரம் திரும்புவார் என்று அவன் நினைக்கவில்லை.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெளிச்சம் நல்லா விழுந்துது, அதான்...”

“வெளிச்சம் ஒன் வீட்டுப் பூட்டுல விழாதோ?”

மணிகண்டபிரபு எதிர்வீட்டுக்காரன். தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போய்விடுவான். குருவி, குரங்கு, பாறை என்று எதையாவது எடுப்பான். யாரிடமும் காசு வாங்குவதில்லை. காசு வாங்காமல் ஒருவன் வேலை செய்தால் அவனை நம்பக்கூடாது என்பது கடற்கரையின் கட்சி. காசு வாங்குகிறவனையும் அவர் நம்புவதில்லை.

அந்த ஒரு நாளோடு போகவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, உச்சி வெயிலில் ஒரு தடவை எடுத்தான். சாரல் விழுந்த அன்று குடையைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். பக்கத்து வீட்டு முத்துவடிவு கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கடற்கரை பூட்டை மாற்றினார். பெரிய பித்தளைப் பூட்டு. மறுநாள் தொடங்கி அதையும் வெயிலில், சாரலில் என்று எடுத்தான்.

“கள்ளச்சாவி போடப் போறான்ட்டி. மெட்ராஸும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். டிக்கெட்டை கேன்சல் பண்ணு.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சங்கரம்மாள் எழுந்து நின்றாள். மகள் முத்துலட்சுமி கல்யாணம் ஆகிச் சென்னைக்குப் போனதில் இருந்து வாங்க வாங்க என்கிறாள். இவர்களும் வருஷா வருஷம் டிக்கெட் எடுக்கிறார்கள். ரயில் நகர்ந்ததும் வீட்டைப் பூட்டினோமா என்று கடற்கரைக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு தடவை சங்கரன்கோவிலில் இறங்கித் திரும்பினார்கள். போன தடவை கடையநல்லூரைக்கூடத் தாண்டவில்லை.

“புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கே நாம போவல. அவ இப்ப போன்ல பாதிப் பேச்சுதான் பேசுதா. இந்தத் தடவையும் போவலைன்னா எனக்கு மக கெடையாது, பாத்துக்கிடுங்க.”

“அந்தப் பய லீவு போட்டிருக்கான், தெரியுமா? நாம பொறப்படுத அன்னைக்குத்தான் அவனுக்கும் லீவு. எதுக்கு?”

“எதுக்கா? நம்ம வீட்டைப் பாத்துக்கத்தான். நாந்தான் கேட்டேன். நீங்க எப்பக் கேட்டாலும் பூட்டைப் படம் எடுத்து அனுப்புவான். எங்கன நின்னு எடுத்தா தெளிவா விழும்னு இப்பவே பாத்து வைக்கான்.”

கடற்கரை செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனார்.

“கேட்ட ஒடனே அனுப்புவியாலே?”

“ஒடனே அண்ணாச்சி.”

“சாரல் அடிச்சா?”

“சாரலோடயே அனுப்புதேன்.”

“கதவைத் தொடப்பிடாது. தூர நின்னு எடு.”

புறப்படும் நாளில் கடற்கரை பூட்டைப் பூட்டி, இழுத்து, கடைசியில் அதில் தொங்கியே பார்த்தார். கதவு நிலை முனகியது. மணிகண்டபிரபு லுங்கியோடு அவன் வாசலில் நின்று கையைக் காட்டினான்.

ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான்.

“ஏட்டி, பூட்டுனேனா?”

சங்கரம்மாள் போனில் தட்டினாள். பதில் உடனே வந்தது. வெயில் பட்டு மின்னும் பித்தளைப் பூட்டு. கடற்கரை இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிச் சாவித் துவாரம்வரை பார்த்தார்.

“பூட்டித்தான் கெடக்கு.”

கடையநல்லூரில் மலைப்பக்கம் கறுத்து, தூறல் ஜன்னலில் தெறித்தது. கடற்கரை பையைக் கையில் எடுத்துவிட்டார்.

“அங்கனயும் அடிக்கும். பூட்டு எப்படி இருக்குன்னு கேளு.”

துளித்துளியாக நீர் கோத்த பூட்டு வந்தது. பை மறுபடி சீட்டுக்கு அடியில் போயிற்று. சங்கரன்கோவிலில் காப்பி வாங்கிக் குடித்தார். ராஜபாளையத்தில் வடை கேட்டார். சங்கரம்மாள் மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, ராஜபாளையம் தாண்டிட்டோம்!”

“நெசமாவாம்மா? அப்பா கூட இருக்காங்களா, இல்ல எறங்கிட்டாங்களா?”

“வடை திங்காரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முத்துலட்சுமி சொன்னாள்: “காலையில நான் ஸ்டேஷனுக்கு வந்து நிக்கேன்மா.”

கடற்கரை வாயைத் துடைத்துக்கொண்டார். “நல்ல பயதான்ட்டி அவன். லீவைப் போட்டுட்டு நம்ம வாசல்ல கெடக்கான். நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். மெட்ராஸ்ல அவனுக்கு ஒரு நல்ல சட்டை எடுக்கணும்.”

மதுரை வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. “கடைசியா ஒண்ணு கேளு. பெறவு தூங்கிருவேன்,” என்றார். சங்கரம்மாள் அவருக்குத் தெரியாமல் சிரித்துக்கொண்டே போனில் தட்டினாள்.

அதே ரயிலில் மூன்று பெட்டி தள்ளி, இமயமலையைப் படம் எடுக்கக் கட்டிய மூட்டையில் தலைவைத்துப் படுத்திருந்த மணிகண்டபிரபு, ஜன்னல் வழியே இருட்டு எவ்வளவு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் அடித்தான்: “மதினி, தெருவிளக்கு எரியுத மாதிரி போன வாரம் எடுத்தது ஒண்ணு இருக்கு, அனுப்பட்டா?”